அமெரிக்கக் காலேஜ் சேரும் முன் மலையேற்ற டிரிப்: பணம் கட்டுறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய 6 விஷயங்கள்

அமெரிக்காவுல யுஜி படிக்க அட்மிஷன் கிடைச்ச பிள்ளைகளுக்கு மே, ஜூன் மாசத்துல காலேஜ்ல இருந்து ஒரு மெயில் வரும். வகுப்பு தொடங்குறதுக்கு முன்னாடி நாலஞ்சு நாள் காட்டுலயும் மலையிலயும் கூட்டிட்டுப் போற டிரிப். "சேர விருப்பமா? இந்தத் தேதிக்குள்ள சொல்லுங்க"ன்னு இருக்கும். ஏற்கெனவே லட்சக்கணக்கில் கட்டிக்கிட்டு இருக்குற பெற்றோருக்கு முதல்ல தோணுறது, "படிக்க அனுப்புறோமா, சுத்திப் பார்க்க அனுப்புறோமா?"

நியாயமான கேள்விதான். ஆனா இது சுற்றுலா இல்ல. டார்ட்மவுத் கல்லூரியில 1935-லிருந்து இது நடக்குது. பிரின்ஸ்டன்ல 1974-ல ஆரம்பிச்சாங்க. சீனியர் மாணவர்கள் ரெண்டு பேர் வழிநடத்த, புதுசா சேர்ந்த எட்டுப் பத்துப் பேர் ஒண்ணா நடந்து, சமைச்சு, கூடாரத்துல தூங்குவாங்க. யாரையும் தெரியாத ஊர்ல, முதல் நாள் மெஸ்ஸுல பக்கத்துல உட்கார நாலு முகம் கிடைக்குது. நம்ம பிள்ளைக்கு அதுதான் லாபம். அந்த லாபத்துக்கு என்ன விலை கொடுக்குறோம்னு மட்டும் சரியா கணக்குப் போடணும்.

1. கட்டணத்தைப் பார்க்காதீங்க, மொத்தச் செலவைப் பாருங்க

ஒரு உதாரணம். டாலர் 90 ரூபாய்னு வச்சுக்குவோம். டிரிப் கட்டணம் 400 டாலர், அதாவது 36,000 ரூபாய். ஷூ, மழை ஜாக்கெட், உடைக்கு 250 டாலர், 22,500 ரூபாய். ஏர்போர்ட்ல இருந்து காலேஜுக்குத் தனியா போற பஸ்ஸுக்கு 50 டாலர், 4,500 ரூபாய். மொத்தம் 63,000. மெயில்ல கண்ணுக்குத் தெரியுறது அந்த 36,000 மட்டும்தான். இதையும் கல்விக் கடன்ல சேர்த்தா, இதுக்கும் வட்டி ஓடும்.

2. உதவித்தொகை கேளுங்க

பல காலேஜ்கள்ல இந்த டிரிப்புக்குன்னே கட்டணச் சலுகை இருக்கு. ஃபினான்ஷியல் எய்டு வாங்குற மாணவர்களுக்குப் பாதியோ முழுசோ தள்ளுபடி பண்ணுவாங்க. விண்ணப்பத்துல அதுக்கு ஒரு கட்டம் இருக்கும், நம்ம ஆட்கள் கூச்சப்பட்டு அதை டிக் பண்றதில்ல. தயவுசெஞ்சு கேளுங்க. கேட்டா அட்மிஷன் பாதிக்கும்ங்கிற பயம் வேண்டாம், அட்மிஷன் முடிஞ்சு போச்சு.

தோள்பை, ஸ்லீப்பிங் பேக், கூடாரம் எல்லாம் பெரும்பாலும் காலேஜே இரவலாத் தரும். பட்டியல்ல எதெல்லாம் அவங்க தர்றாங்கன்னு பார்த்துட்டு, மிச்சத்தை மட்டும் வாங்குங்க.

3. ஷூவை இங்கேயே வாங்குங்க

அங்க போய் வாங்கி மறுநாளே போட்டு நடந்தா கால் கொப்பளிச்சுடும். சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ டெகாத்லான் மாதிரி கடையில வாங்கி, மூணு வாரம் வீட்டைச் சுத்தி நடக்கச் சொல்லுங்க. ஜீன்ஸ், காட்டன் டி-ஷர்ட் வேண்டாம். நனைஞ்சா சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துடும். சிந்தெடிக் அல்லது கம்பளிதான் சரி.

4. தேதி, விசா, டிக்கெட்

எஃப்-1 விசாவுல, ஐ-20 படிவத்துல போட்டிருக்குற புரோகிராம் தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு முன்னாடிதான் அமெரிக்காவுக்குள்ள நுழைய முடியும். டிரிப் அந்த 30 நாளுக்குள்ள வருதான்னு பாருங்க. வெளிநாட்டு மாணவர்களுக்கான ஓரியன்டேஷன் பல இடங்கள்ல கட்டாயம். அது இதோட மோதுதான்னு அந்த அலுவலகத்துக்கே மெயில் போட்டு, பதிலை எழுத்துல வாங்கிக்குங்க. ஹாஸ்டல் அறை எந்தத் தேதியில திறப்பாங்கன்னும் கேளுங்க. இந்த மூணும் தெரியாம விமான டிக்கெட் போட்டா, தேதி மாத்துற செலவு டிரிப் கட்டணத்தையே தாண்டிடலாம்.

5. இன்சூரன்ஸ் இடைவெளி

காலேஜோட ஹெல்த் இன்சூரன்ஸ் எந்தத் தேதியில ஆரம்பிக்குது? டிரிப் அதுக்கு முன்னாடி தொடங்கினா, நடுவுல இருக்குற நாட்களுக்குப் பாதுகாப்பே கிடையாது. அமெரிக்காவுல ஒரு எலும்பு முறிவுக்கு எமர்ஜென்சி போனாலே பில் ஆயிரக்கணக்கான டாலர். இங்கிருந்து டிராவல் பாலிசி எடுக்கலாம். ஆனா பல பாலிசிகள்ல சாகச விளையாட்டுகளுக்கு விலக்கு இருக்கும். மலையேற்றமும் படகும் அதுல அடங்குமான்னு பாலிசி ஆவணத்தைப் படிச்சுப் பாருங்க. ஏஜென்ட் வாயால சொல்றது போதாது.

6. பணம் அனுப்புற வழி

கட்டணம் காலேஜ் பில்லுலயே சேருதுன்னா, செமஸ்டர் ஃபீஸோட சேர்த்துக் கல்விக்கான தொகையா அனுப்பிடலாம். தனி வெப்சைட்ல கார்டுல கட்டச் சொன்னா, பல கார்டுகள்ல 3.5% மார்க்கப், அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. 63,000 ரூபாயையும் அந்தக் கார்டுல போட்டா சுமார் 2,600 ரூபாய் சும்மா போகும். மார்க்கப் குறைவான ஃபாரெக்ஸ் கார்டு இருந்தா அதைப் பயன்படுத்துங்க.

டிசிஎஸ் பத்தியும் ஒரு வார்த்தை. 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு நிதியாண்டுல ஒருத்தர் அனுப்புற தொகை 10 லட்சத்தைத் தாண்டினாத்தான் டிசிஎஸ். அந்த வரம்பு ஒவ்வொரு பான் எண்ணுக்கும் தனி. வங்கிக் கல்விக் கடன்ல இருந்து போற பணத்துக்கு டிசிஎஸ் இல்ல. பிடிச்சாலும் அது தொலைஞ்சு போற பணம் இல்ல, ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுது, அனுப்புற அன்னைக்கு பேங்க்ல கேட்டுக்குங்க.

எந்த டிரிப்?

ஒரே காலேஜ்லயே நாலஞ்சு வகை இருக்கும். முதுகுல 15 கிலோ வரைக்கும் சுமந்து நடக்குறது, கனூ படகு, ஒரே இடத்துல தங்கி பகல்ல மட்டும் நடக்குறது, பாதை சீரமைப்பு வேலை. பெரும்பாலும் கட்டணத்துல பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால "அதே காசுக்குக் கஷ்டமானதை எடுப்போம்"னு கணக்குப் போடாதீங்க. நீச்சல் தெரியாத பிள்ளைக்குப் படகு வேண்டாம். ஆஸ்துமா, அலர்ஜி, மாத்திரை எதையும் மருத்துவப் படிவத்துல மறைக்காதீங்க. அங்க ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்காது. சைவம்னா முன்கூட்டியே எழுதுங்க, ஏற்பாடு பண்ணுவாங்க. கழிப்பறை இல்லாத இடத்துல தங்கணும், அதையும் பிள்ளைகிட்ட வெளிப்படையாப் பேசிடுங்க.

கேட்ட பிறகும் பிள்ளைக்கு இஷ்டமில்லையா? விட்டுடுங்க. கேம்பஸ்லயே நடக்குற பொது ஓரியன்டேஷன்லயும் நண்பர்கள் கிடைப்பாங்க. கடனை இழுத்துப் பிடிச்சு அனுப்புற குடும்பம்னா, சலுகை கிடைக்காத பட்சத்துல வேண்டாம்னு சொல்றதுல எந்தத் தப்பும் இல்ல.

அனுப்புறவங்களுக்குக் கடைசியா ஒண்ணு. அந்த நாட்கள்ல போன் வராது. பல குழுக்கள்ல போனை வாங்கி வச்சுடுவாங்க, காட்டுல சிக்னலும் கிடைக்காது. திரும்பி வர்ற தேதியையும் காலேஜோட அவசர எண்ணையும் முன்னாடியே எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிடுங்க. பாட்டி தினமும் கேட்பாங்க.