கறை போக வேண்டும், கல் இருக்க வேண்டும்

பலாப்பழம் அறுக்க உட்காரும் பாட்டி, அரிவாள்மணையை எடுப்பதற்கு முன்பே நல்லெண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையிலும் அலகிலும் தாராளமாகப் பூசிய பிறகுதான் பழத்தின்மேல் கை வைப்பாள். அந்த எண்ணெயை மறந்துவிட்டு, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, எத்தனை முறை தண்ணீரில் கழுவினாலும் பிசின் போகாமல் அவதிப்பட்ட அனுபவம் நம்மில் அநேகருக்குச் சிறு வயதில் உண்டு. நீரில் கரையாத பிசின் எண்ணெயில் இளகும் என்னும் ரசாயன தத்துவம் நம் அடுக்களைகளில் எத்தனையோ தலைமுறைகளாகக் குடியிருக்கிறது. ஆயினும், அடுக்களையின் வாசற்படியைத் தாண்டி நகரத்து வீதிக்கு வந்துவிட்டால் அந்த ஞானம் மட்டும் போதாது. ஏனெனில், கையைக் காக்கும் அதே எண்ணெய் கல்லுக்குள் இறங்கி அதுவே ஒரு கறையாகிவிடும்.

மதுரையில் விடியற்காலையில் சித்திரை வீதிகளைச் சுற்றிவரும் பாக்கியம் பெற்றவர்கள், இராத்திரி சேர்ந்த பூச்சருகையும் காகிதத்தையும் தூய்மைப் பணியாளர்கள் பெருக்கி அள்ளிய பிறகு, கோபுரங்களின் கீழே அந்தக் கல்தளம் எவ்வளவு லட்சணமாகக் காட்சியளிக்கிறது என்பதைக் கண்டிருப்பார்கள். மீனாட்சி சுந்தரேசுவரர் ஆலயமும் அதன் சுற்றுப்புறமும் 2017-ஆம் ஆண்டில் தூய்மை இந்தியா இயக்கத்தின் விருதைப் பெற்றன என்றால், அதற்குக் காரணம் நாள்தோறும் குனிந்து நிமிர்ந்த இந்தத் தொழிலாளர்களின் பிரயாசையே. ஆனால் துடைப்பத்துக்கு வசப்படாத அழுக்கும் உலகில் உண்டு. பஸ் நிலையத்துப் பிளாட்பாரத்திலும், சினிமாக் கொட்டகைப் படியிலும், கடைவாசல் நடைபாதையிலும் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில் கருத்த வட்டமாகப் படிந்திருக்கும் பபுள்கம் அத்தகையது. நம் ஊரில் அது இன்னும் பெருவியாதியாகவில்லை. ஆகவே, அதைப் பற்றி நிதானமாகச் சிந்திக்க இதுவே தக்க சமயம்.

அந்நிய நாட்டுப் பண்டம் என்று நாம் நினைக்கும் சூயிங் கம்முக்கு, நம் தோட்டத்து மரம் ஒன்றோடு நெருங்கிய பந்தம் இருக்கிறது. மெக்சிகோ, குவாத்தமாலா நாடுகளின் காடுகளில் சப்போட்டா மரத்தின் பட்டையைக் கீறி வடிக்கும் பாலைக் காய்ச்சி எடுத்த பிசினே தொடக்கத்தில் அதன் மூலப்பொருளாக இருந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஆடம்ஸ் என்பவர் அதைத் தயாரிக்கும் யந்திரத்துக்கு 1871-இல் காப்புரிமை பெற்றார். காய்ப்பருவத்தில் சப்போட்டாவைப் பறித்துக் கடித்துவிட்டு, உதடு ஒட்டிக்கொண்டு விழித்த பிள்ளைகளுக்கு அந்தப் பிசினின் குணத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிற்காலத்தில் மரப்பாலின் இடத்தைச் செயற்கைப் பொருள்கள் பிடித்துக்கொண்டன. அவற்றுள் ஒன்றான பாலி ஐசோபியூட்டிலீன், வண்டிச் சக்கரங்களின் டியூப்புக்கு உதவும் பியூட்டைல் ரப்பருக்கு மிக நெருங்கிய உறவு. மெல்லும்போது சர்க்கரையும் வாசனையும் உமிழ்நீரில் கரைந்துவிட, வாயில் எஞ்சுவது அந்த ரப்பர் போன்ற சக்கை மட்டுமே. அது மழையில் கரையாது. எளிதில் மக்கவும் மக்காது. நடப்பவர்களின் பாதங்கள் அதைத் தளத்தின் நுண்துளைகளுக்குள் அழுத்திவிடும். பங்குனி, சித்திரை வெயில் அதை இளக்கிப் பரப்பும். தெருப்புழுதி அதன்மேல் ஏறி நிறத்தைக் கருப்பாக்கும். அப்புறம் அது தளத்தின் ஓர் அங்கமாகவே ஆகிவிடுகிறது.

இதை அகற்றுவதற்கென்றே பயிற்சி பெற்ற தொழிலாளர்களும் நிறுவனங்களும் மேல்நாடுகளில் இருப்பது நமக்கு விநோதமாகத் தோன்றலாம். எனினும், அவர்கள் கையாளும் முறைகளைக் கவனித்தால் அது எவ்வளவு சிரத்தை வேண்டிய வித்தை என்பது விளங்கும். ஒருவகை, சூடு: கொதிநிலைக்கும் மேற்பட்ட வெப்பமுள்ள நீராவியைச் சிறு குழாய் வழியாகக் கறையின்மேல் சில விநாடிகள் பாய்ச்சி, கடுமையற்ற சோப்புக் கரைசலின் துணையோடு இளக்கி, தூரிகையால் தேய்த்து எடுப்பது. இளகியதை அப்போதே வழித்து அப்புறப்படுத்தாவிட்டால், இரண்டு அடி தள்ளி மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். மற்றொரு வகை, குளிர்ச்சி: மைனஸ் 78 டிகிரியில் இருக்கும் உலர்பனிக்கட்டியால் உறையச் செய்தால், பிசின் தன் ஒட்டும் சுபாவத்தை இழந்து சில்லுச் சில்லாக உடைந்துவிடும். பிள்ளையின் சட்டையில் ஒட்டிய பபுள்கம்மின்மேல் ஐஸ் கட்டியை வைக்கும் தாயாரும் இதையே சிறிய அளவில் செய்கிறாள். மூன்றாவது, பெயிண்டர்கள் பட்டி பார்க்கும் தகட்டைப் போன்ற ஒன்றால் சுரண்டுவது. எந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. நீராவியின் விசை மிகுந்தால் பேவர் பிளாக்குகளின் இடைவெளியில் நிரப்பிய மணல் வெளியேறிக் கற்கள் ஆட்டங்காணும். தகடு அழுந்தினால் மெருகில் கோடு விழும். இவ்வளவுக்குப் பிறகும், நுண்துளை மிகுந்த சிமெண்டுத் தளத்தில் பிசின் இருந்த இடம் ஒரு நிழலைப் போல நெடுநாள் தெரிந்துகொண்டிருக்கும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரச் சந்தை ஒன்றில், வருவோர் போவோர் எல்லாம் மென்ற சக்கையை ஒட்டி ஒட்டியே பிரசித்தமாகிவிட்ட ஒரு சுவரை, 2015 நவம்பரில் நீராவி கொண்டு சுத்தம் செய்தபோது, பெயர்த்தெடுத்த சக்கையின் எடை 1,000 கிலோவைத் தாண்டிற்று. சிங்கப்பூரில், 1987-இல் ஓடத் தொடங்கிய ரயில்களின் கதவுகளில் யாரோ ஒட்டிய பிசினால் கதவு மூடாமல் வண்டிகள் நின்றுபோகவே, அந்த அரசாங்கம் 1992 ஜனவரி 3-ஆம் தேதி முதல் சூயிங் கம் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்தது. 2004-இல் மருத்துவப் பயன் உள்ள வகைகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. பிரிட்டனிலோ, உற்பத்தியாளர்களே ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடி பவுண்டு வரை கொடுத்து, உள்ளாட்சி மன்றங்கள் வீதியைச் சுத்தம் செய்ய உதவும் ஏற்பாடு 2021-இல் செய்யப்பட்டது. பண்டத்தை விற்று லாபம் அடைபவர் அதன் சக்கைக்கும் பொறுப்பாளி என்னும் அந்த நியாயம் என் நெஞ்சுக்கு மிகவும் உகந்ததாக இருக்கிறது.

நம் பிரதேசத்தின் பிரதானக் கறை வேறொன்று. வைகைப் பாசனத்தில் தழைத்து, 2023-இல் புவிசார் குறியீடும் பெற்ற சோழவந்தான் வெற்றிலை, மங்கள காரியங்களில் முதல் மரியாதைக்கு உரியது. தாம்பூலம் தரித்தவருக்குப் படிக்கம் வைத்து உபசரிப்பது நம் பெரியோர் கண்ட நாகரிகம். படிக்கம் மறைந்து, மாடிப்படியின் மூலையே படிக்கமாக மாறியது நமக்கு நேர்ந்த அவமானம். பாக்கின் துவர்ப்புச் சத்து சுண்ணாம்போடு கலந்து செந்நிறமாகிச் சுவருக்குள் ஊறிவிடும். கொல்கத்தாவின் ஹௌரா பாலத்தில், பான் எச்சில் பட்டுப் பட்டுத் தொங்குதூண்களின் அடிப்பாகத்து இரும்பே அரிக்கப்பட்டு, கண்ணாடி இழை உறை போட்டுக் காக்க வேண்டிய நிலை 2011-இல் வந்தது. இரும்புக்கே அந்தக் கதி என்றால், சுண்ணாம்புச் சாந்தின் கதியை என்ன சொல்வது?

பக்தியினால் விளைந்த பிசுக்கும் மதுரையில் உண்டு. மீனாட்சி கோயிலில் சுவாமி சன்னிதிக்கு முன்னே நிற்கும் ஊர்த்துவ தாண்டவருக்கும் காளிக்கும் உக்கிரம் தணிய வேண்டும் என்று வெண்ணெய் உருண்டைகளை வீசி வழிபடுவது நீண்டகாலமாக இருந்துவந்த வழக்கம். அந்த வெண்ணெய் உருகி, புழுதியோடும் தீபப் புகையோடும் சேர்ந்தால், நகையின் நுணுக்கமும் விரலின் நளினமும் ஒரு கரிய படலத்துக்குள் மறைந்துபோகும். இத்தகைய பிசுக்குக்கு நம் ஆலயங்களே ஒரு பரிகாரமும் வைத்திருக்கின்றன. மூர்த்திக்குத் தைலக் காப்பு ஆனதும் அரிசி மாவினால் அபிஷேகம் செய்வதை நாம் தரிசித்திருக்கிறோம். அந்த மாவு, எண்ணெயைத் தன்னுள் உறிஞ்சிக்கொண்டு, சிலைக்கு ஒரு கீறலும் இன்றி இறங்கிவிடுகிறது. கல்லுக்குள் ஊறிய எண்ணெயை எடுக்க, உறிஞ்சும் களிமண்ணைக் குழைத்துப் பூசி, உலர்ந்ததும் மெதுவாக அகற்றும் இக்காலத்து நிபுணர்கள், அர்ச்சகர் அறிந்த அதே தத்துவத்தையே அனுசரிக்கிறார்கள்.

இந்தப் பொறுமையைக் கைவிட்டதன் பலனையும் தமிழகம் பார்த்துவிட்டது. திருப்பணி விரைவில் முடிய வேண்டும் என்ற ஆவலில், அழுத்தக் காற்றின் வேகத்தோடு மணலைக் கல்லின்மேல் வாரி அடித்துச் சுத்தம் செய்யும் முறை பல கோயில்களில் நுழைந்தது. நூற்றாண்டுகளின் எண்ணெய்ப் பிசுக்கு சில மணி நேரத்தில் போயிற்று. அதனோடு சிற்பியின் உளி வைத்த மெருகும் போயிற்று. கல்வெட்டின் எழுத்துகள் மழுங்கின. அறிஞர்களின் ஆட்சேபத்துக்குப் பின் அரசு அதற்குத் தடை விதித்தது. தடை வந்ததற்காக மகிழ்கிறேன்; ஆயினும், மழுங்கிப்போன ஓர் எழுத்தை எந்த உத்தரவாலும் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதை நினைக்கும்போது மனம் வேதனைப்படுகிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு 1636-ஆம் ஆண்டளவில் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் தூண்களில் ஆணியால் தம் பெயரைக் கீறிவிட்டுப் போகிறவர்களும், கறையை எடுக்கிறேன் என்று கல்லையே எடுத்துவிடுகிறவர்களும், நோக்கத்தில் நேர் எதிரானவர்கள். விளைவில் ஒரே ஜாதி.

ஆகையால், பொது இடங்களைச் சுத்தம் செய்யும் பணிக்கு ஒப்பந்தம் விடும்போது, கறை போயிற்றா என்று கேட்பதோடு, போன பின் கல் எப்படி இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். அதைப் பார்த்துச் சொல்லக்கூடியவர், தினந்தோறும் அந்தக் கல்லோடு பழகும் தொழிலாளியே. அவருக்குத் தக்க கருவியும், கையுறையும், பயிற்சியும், ஒரு கைத்தொழில் வல்லுநருக்கு உரிய கூலியும் கொடுத்தால், அவசரமாகச் சுரண்டும் அவசியம் அவருக்கு நேராது.

எஞ்சியிருப்பது நம்முடைய பங்கு. ஒரு நிமிஷத்தில் துப்பியதை எடுக்க நீராவியும் பனிக்கட்டியும் தேவைப்படுகின்றன. துப்பாமல் இருக்கவோ, பபுள்கம்மைச் சுற்றி வந்த காகிதமே போதும். பிரித்த காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்து, மென்று முடித்த சக்கையை அதிலேயே மடித்துக் குப்பைத்தொட்டியில் சேர்த்துவிட்டால், சித்திரை வீதியின் கல்லுக்கு எந்த வைத்தியமும் வேண்டாம். பிசின் ஒட்டிய பின் கழுவுவதைவிட ஒட்டுமுன் எண்ணெய் பூசுவதே புத்தி என்று கண்டவள் நம் பாட்டி. அவளுடைய எண்ணெய்க் கிண்ணம் வீதிக்கு வரும்போது, அந்தச் சிறு காகிதமாகத்தான் வரும்.