மறைத்து வைத்த மருந்துச் சீட்டு

 

மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு ஒரு சகோதரி வந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.) கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வாங்கிய மருந்துச் சீட்டுகளைக் கொடுத்தவர், ஒரு சீட்டை மட்டும் மடித்துப் பையிலேயே வைத்துக்கொண்டார். அது மனச்சோர்வுக்கான மாத்திரைச் சீட்டு. உள்ளூர்க் கடையில் வாங்கினால் பேச்சாகிவிடும் என்று திருநெல்வேலி வரை பஸ்ஸில் போய் வாங்கியிருக்கிறார். கையில் காசு குறைந்தபோது முதலில் நிறுத்தியதும் அந்த மாத்திரையைத்தான். இரண்டு மாதத்தில் சமைக்கவோ, பிள்ளைகளோடு பேசவோ முடியாமல் படுத்துவிட்டார். அவருடைய உம்மா அழுதுகொண்டே வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

ஏன் மறைத்தார்? எங்கள் விண்ணப்பத்தில் 'நோயின் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் கமிட்டிக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசிப்போம். அப்படியிருக்க, தவறு அவருடையதன்று, எங்களுடையது. அதைத் திருத்திக்கொள்ளும் முயற்சியில் ஒன்றாகத்தான் இந்த மாத்திரைகளைப் பற்றி ஆய்வுகள் சொல்வதை இங்கே எழுதுகிறோம்.

எத்தனை பேருக்கு?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது மனச்சோர்வு நோய் வந்திருக்கிறது என்று அது கண்டது. அதைவிட வேதனையான செய்தி, அந்த நோய் உள்ள 100 பேரில் ஏறத்தாழ 85 பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்பது.

சென்னையில் 25,455 பேரிடம் கேள்வித்தாள் வழியாக நடத்திய ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. 100இல் 15 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பெண்களிடமும் வருமானம் குறைந்தோரிடமும் கூடுதலாக இருந்தன. கேள்வித்தாளில் தெரிகிற அறிகுறி எல்லாம் நோயாகிவிடாது. அதனால் இரண்டு ஆய்வுகளின் எண்களும் ஒன்றுபோல இல்லை. ஆனால் இரண்டும் சொல்வது, இது யாரோ ஒருவருக்கு வரும் அபூர்வ நோயன்று என்பதையே. ஆண்கள் கடலிலும் வளைகுடாவிலும் இருக்க, வீட்டுப் பொறுப்பு முழுவதையும் பெண்களே சுமக்கும் நம் ஊர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரை பலன் தருமா?

2018இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வெளிவந்தது. 21 வகை மனச்சோர்வு மருந்துகளைப் பற்றிய 522 சோதனைகளை, அதாவது 1,16,477 நோயாளிகளின் விவரங்களை, அது ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட 21 மருந்துகளுமே கூடுதல் பலன் தந்தன. அந்தப் பலன் சராசரியாக மிதமானதுதான். எல்லோருக்கும் ஒரே மருந்து ஒத்துவருவதும் இல்லை. முதல் மருந்து கேட்கவில்லை என்றால் டாக்டர் வேறொன்று தருவார். அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம்.

மாத்திரை மட்டுமே வழி என்றும் இல்லை. கோவாவில் பயிற்சி பெற்ற சாதாரண ஊர்க்காரர்கள் ஆறு முதல் எட்டு தடவை உட்கார்ந்து பேசியே கடுமையான மனச்சோர்வு உள்ள பலரைத் தேற்றியதாக 2017இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரிடம் சென்னை உள்ளிட்ட நான்கு நகரங்களின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. டாக்டரின் சிகிச்சையோடு, அடிக்கடி பேசி விசாரிக்க ஒருவரையும் நியமித்தபோது 100இல் 71 பேருக்கு மேல் மனமும் உடலும் தேறின. வழக்கமான சிகிச்சையில் அது 57 பேர். விசாரிக்க ஒரு ஆள் இருப்பதும் மருந்தைப் போன்றதே.

நாம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

'பழகிவிடுமே?' தூக்க மாத்திரையையும் மனச்சோர்வு மாத்திரையையும் ஒன்றாக எண்ணுவதால் வரும் கேள்வி இது. அல்பிரசோலம் போன்றவை பழகிவிடக் கூடியவை. அவற்றைச் சீட்டில்லாமல் வாங்கிப் போடுவதுதான் ஆபத்து. மனச்சோர்வு மருந்துகள் போதை தருவதில்லை. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். கம்ப்ரசர் வைத்துச் சங்கு குளிக்கப் போகிறவர் ஆழத்திலிருந்து விறுவிறுவென்று மேலே வரமாட்டார், படிப்படியாகத்தான் வருவார். மாத்திரையையும் டாக்டர் சொற்படி அப்படித்தான் குறைக்க வேண்டும்.

'ஒரு வாரம் போட்டும் குணமில்லையே?' பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். குமட்டல் போன்ற தொந்தரவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலர் நிறுத்திவிடுவது இந்த இடைவெளியில்தான். இளவயதினரை முதல் சில வாரங்கள் வீட்டார் கூடுதல் கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும். மனநிலை மோசமானால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

'சரியாகிவிட்டது, நிறுத்தலாமா?' குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது வழக்கம். இங்கிலாந்தில் நீண்ட காலம் மருந்து எடுத்துக் குணமாயிருந்த 478 பேரைப் பற்றிய ஆய்வு 2021இல் வெளியானது. தொடர்ந்து எடுத்தவர்களில் 100க்கு 39 பேருக்கும், குறைத்து நிறுத்தியவர்களில் 56 பேருக்கும் ஓராண்டுக்குள் மனச்சோர்வு திரும்பியது. நிறுத்தியும் நலமாக இருந்தவர்கள் 44 பேர் என்பதையும் கவனியுங்கள். ஆகவே ஆயுள் முழுதும் என்று அஞ்ச வேண்டாம். தானாக முடிவெடுக்கவும் வேண்டாம்.

இன்னொன்று: சர்க்கரையால் வரும் கால் எரிச்சலுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும்கூட இந்த வகை மருந்துகளில் சில தரப்படுகின்றன. ஒருவருடைய சீட்டைப் பார்த்து அவரைப் பற்றி முடிவு கட்டுவது அறியாமை.

ஈமானும் மாத்திரையும்

'தொழுகையாளிக்கு மனநோய் வருமா' என்று கேட்பவர்கள் உண்டு. மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களின் துயரத்தைக் குர்ஆன் நமக்குச் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பல்க் நகரத்து அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, காரணம் தெரிந்த கவலை வேறு, காரணம் தெரியாமல் உடலிலிருந்து எழும் கவலை வேறு என்று பிரித்து எழுதினார். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்வது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே சாட்சி உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். பிற்காலத்தில் அதே ஏர்வாடி தர்காவில் துஆவோடு மருந்தும் கிடைக்க அரசே மனநலச் சேவையை ஏற்படுத்தியது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை.

ரமளானில் பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். ஒருவேளை மாத்திரையை இஃப்தாருக்குப் பின்போ ஸஹரிலோ மாற்றிக்கொள்ள முடியுமா என்று நோன்புக்குச் சில வாரம் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். நோன்பு வேண்டாம் என்று அவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கிறது. களாவா ஃபித்யாவா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நாங்கள் செய்திருப்பது

மருத்துவ உதவி விண்ணப்பத்தில் இனி நோயின் பெயர்க் கட்டம் இல்லை. சீட்டுகளை ஒரே ஒருவர் பார்ப்பார். பெண்களுக்குப் பெண் ஒருவரே பார்ப்பார். கமிட்டிக்குத் தொகை மட்டுமே போகும். மனநல மருந்துக்கும் மற்ற மருந்துக்கும் உதவியில் வேறுபாடு இல்லை. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், ஏற்பாடு செய்வோம். இரவானாலும் பகலானாலும் 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' எண்ணில் தமிழில் இலவசமாகப் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் யாருக்கு வந்தாலும் அவரைத் தனியே விடாமல் உடனே அழையுங்கள்.

அந்தச் சகோதரி மறுபடியும் சிகிச்சையில் இருக்கிறார். போன மாதம் எல்லாச் சீட்டுகளையும் சேர்த்தே தந்தார். அல்ஹம்து லில்லாஹ். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.