பெட்டியின் விலையா? பாட்டின் இனிமையா?

உங்கள் வீட்டு அலமாரியின் மேலோ, கட்டிலுக்கு அடியிலோ பழைய இசைத்தட்டுகள் கிடக்கின்றனவா? சம்பள நாளில் தாத்தா பட்டணம் போய் வாங்கி வந்தவையாக இருக்கலாம். வேலைக்குப் போகத் தொடங்கிய பிள்ளைகள் அவற்றைத் தூசு தட்டி எடுத்து, புது ரெக்கார்டு பிளேயரும் வாங்கி வருகிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் கடைக்காரர் அதோடு விடுவாரா? "இதற்குப் போனோ பிரீஆம்ப் என்று ஒரு பெட்டியும் வேண்டுமே!" என்கிறார். நூறு வெள்ளிக்கும் குறைவாக ஒன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு இன்னொன்றும் இருக்கிறது. எதை வாங்குவது? முதலில், வாங்கத்தான் வேண்டுமா? உழைத்துச் சேர்த்த பணம், கொஞ்சம் யோசிப்போம்.

பெட்டி செய்யும் வேலை என்ன?

இரண்டே வேலைகள். முதல் வேலை, ஒலியைப் பெருக்குவது. தட்டின் கோட்டில் ஊசி ஓடும்போது கார்ட்ரிட்ஜில் பிறக்கும் மின்சாரம் மிகச் சிறியது. காந்தம் அசையும் வகைக் கார்ட்ரிட்ஜில் அது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட். அதாவது ஒரு வோல்டில் இருநூறில் ஒரு பங்கு. பெட்டி அதை 100 மடங்கு பெருக்கி அம்பிளிபயருக்கு அனுப்புகிறது.

இரண்டாவது வேலை, ஒலியைச் சமன்செய்வது. தாழ்ந்த ஒலிகளை உள்ளபடியே தட்டில் வெட்டினால் கோடு அகலமாக வளைந்து பக்கத்துக் கோட்டில் முட்டும். ஆகவே வெட்டும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உயர்ந்த ஒலியைக் கூட்டிப் பதிகிறார்கள். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதற்கு அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் 1954-இல் ஓர் அளவை வகுத்தது. பிறகு உலகமே அதைப் பின்பற்றியது. சேலையை மடித்த மடிப்பிலேயே பிரிப்பதுபோல, பெட்டி அந்த அளவைத் தலைகீழாக்கிப் பாட்டை நேர் செய்கிறது. பெட்டி இல்லாவிட்டால் பாட்டு மெலிந்து, கீச்சென்று கேட்கும்.

உங்களுக்கு அது தேவைதானா?

என்னிடம் படித்த பிள்ளையின் தகப்பனார், பால்மரம் வெட்டுபவர், ஒரு நாள் வந்தார். "வாத்தியாரே, 600 வெள்ளிப் பெட்டி வாங்கினால்தான் பாடும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கட்டுமா?" என்று கேட்டார். அவர் வீட்டுக்குப் போய்ப் பிளேயரின் பின்பக்கத்தைப் பார்த்தேன். 'போனோ', 'லைன்' என்று எழுதிய சின்ன சுவிட்ச் ஒன்று இருந்தது. அதை 'லைன்' பக்கம் தள்ளி, அம்பிளிபயரின் சாதாரணத் துளையில் இணைத்தோம். பாட்டு வந்துவிட்டது! அந்தப் பெட்டி பிளேயருக்குள்ளேயே இருந்தது. 600 வெள்ளி மிச்சம்.

ஆகவே கடைக்குப் போகுமுன் மூன்றைப் பாருங்கள். பிளேயரில் இப்படி ஒரு சுவிட்ச் உண்டா? 1970, 80-களின் அம்பிளிபயர் வைத்திருந்தால், அதன் பின்னால் 'போனோ' என்ற துளை உண்டா? இருந்தால் பெட்டி அதற்குள்ளேயே இருக்கிறது. மூன்றாவது, தாத்தா காலத்துச் சூட்கேஸ் பிளேயரா? அவற்றில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதன் மின்சாரமே போதுமான பலமுடையது. இந்தப் பெட்டி வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை: பிளேயரின் சுவிட்சை 'லைன்' பக்கம் வைத்துவிட்டு 'போனோ' துளையில் செருகக் கூடாது. இரண்டு முறை பெருகி, பாட்டு கரகரவென்று சிதையும்.

அதிக விலை எதற்கு?

பெட்டிக்குள் இருக்கும் முக்கியப் பாகங்கள் விலை உயர்ந்தவை அல்ல. 1979-இல் வந்த என்.இ.5532 என்ற சிறு சில்லு சில வெள்ளிதான். நல்ல ஒலிக்கருவிகளில் அது இன்றும் பயன்படுகிறது. சரியான அளவுள்ள உதிரிப் பாகங்களோடு அதைக் கவனமாக அமைத்தால், மேலே சொன்ன இரண்டு வேலைகளும் செவ்வனே நடக்கும். அதற்குமேல் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு கனமான உலோகக் கூட்டுக்கும், கூடுதல் சுவிட்சுகளுக்கும், பெயருக்கும் போகிறது.

கூடுதல் விலைக்கு நியாயம் உள்ள இடமும் உண்டு. கம்பிச்சுருள் அசையும் வகைக் கார்ட்ரிட்ஜ்கள் சில மிக மெல்லிய மின்சாரம் தருபவை. ஜப்பான் வானொலிக்காக 1960-களில் உருவான டெனான் டி.எல்.103 தருவது 0.3 மில்லிவோல்ட்தான். அதை 1,000 மடங்கு வரை பெருக்க வேண்டும். இரைச்சலும் கூடவே பெருகும். அங்கே நல்ல பெட்டி அவசியம். உங்கள் வீட்டில் அத்தகைய கார்ட்ரிட்ஜ் இல்லையென்றால், அந்த வசதிக்குப் பணம் கொடுப்பது குடியிருக்காத வீட்டுக்கு வாடகை கொடுப்பது போலத்தான்.

கடையில் சோதிப்பது எப்படி?

1. உங்களுக்கு நன்கு பழகிய தட்டை எடுத்துச் செல்லுங்கள்.

2. ஊசியைத் தட்டில் வைக்காமல், வழக்கமாகக் கேட்கும் அளவுக்குச் சத்தத்தைக் கூட்டுங்கள். 'ம்ம்' என்ற முனகல் கேட்டால், பிளேயரின் மெல்லிய எர்த் கம்பி பெட்டியோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இணைத்தும் முனகினால் அந்தப் பெட்டி வேண்டாம்.

3. இரண்டு ஸ்பீக்கரிலும் பாட்டு ஒரே அளவாக வருகிறதா என்று கேளுங்கள்.

4. இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கட்டும். சற்றுச் சத்தமாகப் பாடுவதே நம் காதுக்கு நல்லதாகத் தோன்றும்.

முதல் செலவு எது?

தட்டைத் தொடுவது ஊசி ஒன்றுதான். வைர ஊசியும் தேயும். பொதுவாக 500 முதல் 1,000 மணி நேரம் வரை உழைக்கும். தேய்ந்த ஊசி கோட்டைச் சுரண்டிவிடும். பாரமும் முக்கியம். காந்தக் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றுக்கு 2 கிராம் அளவே போதும். கார்ட்ரிட்ஜோடு வரும் தாளில் உள்ளபடி வையுங்கள். 78 சுற்று அரக்குத் தட்டுகளுக்கு அகன்ற ஊசி தனியாக வேண்டும். தூசு துடைக்க மென்மையான பிரஷ் ஒன்றும் வேண்டும்.

எனவே, கையில் 500 வெள்ளி இருந்தால் புது ஊசிக்கும் பிரஷுக்கும் முதலில் ஒதுக்குங்கள். பெட்டி தேவைப்பட்டால், இரைச்சலில்லாத எளிய பெட்டி ஒன்றை வாங்குங்கள். மீதம் வீட்டுச் செலவுக்கு இருக்கட்டும். நல்ல பெட்டியை அடுத்த ஆண்டுகூட வாங்கலாம். தேய்ந்த ஊசி கெடுத்த தாத்தாவின் தட்டை எந்தக் கடையிலும் புதிதாக்கித் தரமாட்டார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பிளேயரைத் திருப்பி, பின்பக்கத்தை ஒருமுறை பாருங்களேன்!