கன்றின் உயிரைக் காக்கும் உப்பும் குளுக்கோசும்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பகுதிகளில் வசிப்பவர்களுக்கு மாடுகள் புதியவை அல்ல. துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவை நிதானமாகச் சாலையைக் கடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சந்துகளில் மாடு கட்டிப் பால் விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் இன்றும் அங்கே உள்ளன. ஆனால் இந்தப் பசுக்களின் அருகே வளர்ந்த ஆண் கன்றுகளைக் காண்பது அரிது. அவை எங்கே போகின்றன?

ஏர் உழவும் வண்டி இழுக்கவும் காளைகள் தேவைப்பட்ட காலத்தில் ஆண் கன்றுக்கும் மதிப்பு இருந்தது. டிராக்டரும் லாரியும் வந்த பிறகு அந்த மதிப்பு போய்விட்டது. அது குடிக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலும் நட்டக் கணக்கில் சேருகிறது. ஆகவே, பல ஆண் கன்றுகள் இளம் வயதிலேயே சந்தைக்குப் போகின்றன. சில தெருவில் விடப்படுகின்றன.

சந்தைக்குப் போகும் கன்றுக்கு மூன்று சோதனைகள் காத்திருக்கின்றன. முதலாவது, பசி. இரண்டாவது, வெயிலிலும் நெரிசலிலும் லாரிப் பயணம். மூன்றாவது, பல ஊர்களிலிருந்து வந்த மாடுகளின் கிருமிகள். இம்மூன்றும் சேரும்போது பெரும்பாலும் முதலில் வருவது கழிச்சல் நோய். இளங்கன்றுகளின் உயிரைப் பறிக்கும் நோய்களில் இது முன்னணியில் நிற்கிறது.

கன்று எதனால் சாகிறது?

"கிருமியால்தான்" என்று நீங்கள் உடனே சொல்லக்கூடும். அது பாதி உண்மைதான். ஈ.கோலை என்னும் பாக்டீரியா, ரோட்டா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிரி ஆகியவை கழிச்சலை உண்டாக்குகின்றன. ஆனால் பெரும்பாலான கன்றுகளைக் கொல்வது நீர் இழப்பும் உப்பு இழப்புமே.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கன்றின் எடை 25 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். கடுமையான கழிச்சலில் ஒரே நாளில் உடல் எடையில் 10 சதவீதம் வரை நீர் வெளியேறிவிடலாம். அதாவது, இரண்டரை லிட்டர்! 5 சதவீதத்துக்கு மேல் குறைந்ததுமே கண்கள் குழி விழத் தொடங்கும். 8 முதல் 10 சதவீதம் குறைந்தால் கன்றால் எழுந்து நிற்க இயலாது. 12 சதவீதத்தைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

நீருடன் சோடியமும் பைகார்பனேட்டும் வெளியேறுகின்றன. பைகார்பனேட் குறைவதால் இரத்தத்தில் அமிலத் தன்மை கூடுகிறது. கன்று சோர்ந்து, பால் உறிஞ்சும் இயல்பையும் இழக்கிறது. உறிஞ்சாததால் நீர் மேலும் குறைகிறது. இப்படி ஒரு தீமை இன்னொரு தீமைக்கு வழி விடுகிறது.

இருபத்து நான்கு மணி நேரக் கதவு

ஒரே தொழுவத்தில் ஒரு கன்று நோயில் விழ, அடுத்த கன்று துள்ளி விளையாடுகிறதே, ஏன்? விடை பெரும்பாலும் சீம்பாலில் இருக்கிறது.

நாம் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துத் தின்பண்டம் செய்கிறோமே, அதே சீம்பால்தான். மனிதக் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் பொருள்களைப் பெற்றுவிடுகிறது. பசுவின் நஞ்சுக்கொடி அவற்றை ஊடுருவ விடுவதில்லை. ஆகவே, கன்று கவசம் இல்லாத வீரனைப் போலப் பிறக்கிறது. அதற்குக் கவசம் தருவது சீம்பாலே.

பிறந்தவுடன் கன்றின் குடற்சுவர் இந்த எதிர்ப்புப் பொருள்களைச் சிதைக்காமல் அப்படியே இரத்தத்துக்குள் அனுப்பும். முதல் ஆறு மணி நேரத்தில் இது சிறப்பாக நடக்கிறது. பின்னர் வேகமாகக் குறைந்து, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் நின்றேவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அந்தக் கதவு திறக்காது. 25 கிலோ கன்றுக்கு முதல் சில மணி நேரத்தில் இரண்டரை லிட்டர் சீம்பால் தேவை. "ஆண் கன்றுதானே" என்று அதைத் தராமல் விட்டால், அதன் தலைவிதி முதல் நாளிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

காலரா கற்றுத் தந்த பாடம்

சரி, நோய் வந்துவிட்டது. இனி என்ன செய்வது? இங்கே நமக்குக் கைகொடுப்பது மனிதர்களின் காலராவைப் பற்றிய ஆராய்ச்சி.

துறைமுக நகரங்களுக்குக் காலரா பழைய பகைவன். தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனை ஒன்று இருப்பதை வடசென்னை மாணவர்கள் அறிவார்கள். 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே என்னும் அறிஞர், காலராக் கிருமி சுரக்கும் நச்சே குடலை நீர் கொட்டச் செய்கிறது என்று முயல்களின் குடலில் சோதித்து நிறுவினார். கன்றுகளின் ஈ.கோலை சுரக்கும் நச்சும் இதைப் போலவே குடலிலிருந்து நீரை வெளியேறச் செய்கிறது.

1960-இல் ராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி இன்னொரு விந்தையை விளக்கினார். குடற்சுவரில் உள்ள ஒருவகை வாயில் வழியாகக் குளுக்கோசும் சோடியமும் கைகோத்துக்கொண்டு உள்ளே நுழைகின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் செல்கிறது. நச்சு நீரை வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்போதும் இந்த வாயில் வேலை செய்துகொண்டே இருக்கிறது!

1971-இல் வங்கதேச அகதிகள் எல்லை தாண்டி வந்தபோது பங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலனபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. அதே தத்துவம்தான் இன்று உலகெங்கும் கன்றுகளையும் காப்பாற்றுகிறது.

சர்க்கரை ஏன் கூடாது?

"அப்படியானால் நம் வீட்டுச் சர்க்கரையையும் உப்பையும் கலந்து கன்றுக்குக் கொடுக்கலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மனிதர்களுக்கு அது பயன்படும்; கன்றுக்குப் பயன்படாது. நாம் உண்ணும் சர்க்கரை சுக்ரோஸ். அதை உடைத்துக் குளுக்கோஸாக்கும் சுக்ரேஸ் என்னும் நொதி கன்றின் குடலில் இல்லை. பாலில் இருப்பது லாக்டோஸ் அல்லவா? கன்றுக்குச் சுக்ரோஸைச் சந்திக்கும் வாய்ப்பே இயற்கையில் இல்லை. செரிக்காத சர்க்கரை குடலிலேயே தங்கி, நீரை இழுத்துக் கழிச்சலை அதிகமாக்கும். ஆகவே குளுக்கோஸ்தான் வேண்டும். அதனுடன் சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட் ஆகியவை சரியான அளவில் அமைய வேண்டும். கால்நடை மருத்துவர் தரும் பொட்டலமே பாதுகாப்பானது.

பணிவிடை செய்வது எப்படி?

நோயுற்ற கன்றைக் கண்டால் அதன் கழுத்துத் தோலை மெதுவாகக் கிள்ளி விடுங்கள். உடனே சமமானால் நல்லது. இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பு நின்றால் நீர் குறைந்துவிட்டது என்று பொருள்.

வாயில் விரலை வைத்தால் கன்று சப்புகிறதா என்று பாருங்கள். சப்பினால் உப்பு நீரை வெதுவெதுப்பாகப் புட்டியில் கொடுக்கலாம். சப்பாத கன்றின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். அதற்கு மருத்துவர் நரம்பு வழியே திரவம் ஏற்ற வேண்டும்.

பாலை அடியோடு நிறுத்துவது பழைய வழக்கம். கன்றுக்கு வலுவூட்டப் பாலும் தேவை என்பதே இன்றைய அறிவு. உப்பு நீரைப் பாலில் கலக்காமல், சில மணி நேர இடைவெளி விட்டுத் தனித்தனியே கொடுக்க வேண்டும். படுக்க உலர்ந்த வைக்கோலும் மேலே ஒரு கோணிப்பையும் இருக்கட்டும். மற்றக் கன்றுகளிடமிருந்து பிரித்து வையுங்கள். இக்கிருமிகளில் சில மனிதர்களையும் தாக்கும். எனவே தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள்.

ராயபுரத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், வேப்பேரியில், 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பும் சென்னையில் ஆதரவற்ற விலங்குகளைப் பேணி வருகிறது. 1962 என்ற இலவச எண்ணில் கால்நடை மருத்துவ உதவியும் கேட்கலாம்.

கழிச்சலில் விழுந்த கன்றுக்குக் காலம் நாள் கணக்கில் இல்லை, மணிக் கணக்கில்தான் இருக்கிறது. மாடு வளர்க்கும் வீடு உங்கள் தெருவில் இருந்தால், சீம்பாலைப் பற்றியும் குளுக்கோசைப் பற்றியும் இன்றே அவர்களிடம் சொல்லுங்கள். அடுத்த கன்று பிறக்கும்போது அது ஆணா, பெண்ணா என்று பார்ப்பதற்கு முன், அது பால் குடித்ததா என்று அவர்கள் பார்க்கட்டும்.