கடல்சார் எண்ணெய்த் துறையில் பொறியாளர் பணி

கடல்சார் எண்ணெய்த் துறையில் பொறியாளர் பணி என்பது கடலடியில் உள்ள பாறை எண்ணெயையும் இயற்கை எரிவளியையும் துளையிட்டு வெளிக்கொணர்தல், பிரித்துப் பதப்படுத்துதல், கரைக்கு அனுப்புதல் ஆகிய செயல்களில் ஈடுபடும் பொறியாளர்களின் தொழிலைக் குறிக்கும். பிற பொறியியல் தொழில்களைவிட இது மிகுந்த ஊதியம் தருவது என்ற கருத்து மாணவர்களிடையே பரவலாக உள்ளது. அக்கருத்து ஓரளவுக்கே உண்மை. பொறியாளர் யாருடைய ஊதியப் பட்டியலில் இருக்கிறார், ஆண்டில் எத்தனை நாட்கள் கடலில் பணிபுரிகிறார், அவ்வேளையில் எண்ணெய் விலை என்னவாக இருக்கிறது ஆகிய மூன்றும், அவர் பெற்ற பட்டத்தைவிடக் கூடுதலாக அவரது வருமானத்தைத் தீர்மானிக்கின்றன. இந்தியாவின் மிகப் பெரிய கடல் எண்ணெய் வயலான மும்பை ஹை இக்கட்டுரையில் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

பின்னணி

மும்பைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் அரபிக் கடலில் மும்பை ஹை அமைந்துள்ளது. ஓ.என்.ஜி.சி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் எண்ணெய், இயற்கை எரிவளிக் கழகம் 1974 இல் இங்கு எண்ணெயைக் கண்டறிந்தது. 1976 இல் உற்பத்தி தொடங்கியது. முதல் கிணற்றைத் துளையிட்ட சாகர் சாம்ராட் என்னும் மேடை சப்பானில் கட்டப்பட்டதாகும். இந்திய ஒரு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் காணப்படும் கடல் மேடை இதுவே.

1980களில் உச்சத்தைத் தொட்ட இவ்வயலின் உற்பத்தி பின்னர் படிப்படியாகக் குறைந்தது. ஆயினும் உற்பத்தி குறைவதால் பொறியாளர்களின் தேவை அதே அளவில் குறைந்துவிடுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. வயல் முதிர முதிர எண்ணெயுடன் வெளிவரும் நீரின் பங்கு கூடுகிறது, குழாய்கள் அரிக்கப்படுகின்றன, பழைய அமுக்கிகளும் எக்கிகளும் அடிக்கடி பழுதாகின்றன. எனவே பராமரிப்பு, அரிமானத் தடுப்பு, கிணறு சீரமைப்பு ஆகியவற்றில் வேலை பெருகுகிறது. 2025 சனவரியில் இவ்வயலின் உற்பத்தியை உயர்த்துவதற்கான தொழில்நுட்பச் சேவையாளராகப் பிரித்தானிய நிறுவனமான பி.பி. தேர்ந்தெடுக்கப்பட்டது.

மேடையில் உள்ள பணிகள்

கடலில் உள்ள மேடைகள் இருவகைப்படும். ரிக் என வழக்கில் அழைக்கப்படும் துளையிடும் மேடை ஒரு கிணற்றை முடித்துவிட்டு வேறிடம் செல்லக்கூடியது. உற்பத்தி மேடையோ கடற்தரையில் நிலையாக ஊன்றப்பட்டது. உற்பத்தி மேடைகளில் கிணறுகளிலிருந்து வரும் கலவை எண்ணெய், நீர், எரிவளி எனப் பிரிக்கப்படுகிறது. எண்ணெய் கடலடிக் குழாய் வழியே உரானில் உள்ள கரை நிலையத்துக்கு அனுப்பப்படுகிறது. இம்மேடைகளில் வேதிப் பொறியாளர்களைவிட இயந்திர, மின், கருவியியல் பொறியாளர்கள் மிகுதியாகத் தேவைப்படுகின்றனர். மேடை ஒரு சிறு நகரத்துக்கு ஒப்பானது. தன் மின்சாரத்தையும் குடிநீரையும் தானே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

பாறை எண்ணெய்ப் பொறியியல் என்ற பெயருடைய பட்டம் பெற்றவர்கள் அனைவரும் கடலுக்குச் செல்வதில்லை. எண்ணெய்த்தேக்கத்தை ஆராய்வோர் பெரும்பாலும் கரை அலுவலகத்தில் கணினி முன் அமர்ந்தே பணிபுரிகின்றனர்.

பணிச் சுழற்சி

ஓ.என்.ஜி.சி.யின் கடல் மேடைகளில் 14 நாள் பணி, 14 நாள் ஓய்வு என்ற சுழற்சி வழக்கிலுள்ளது. பணி நாட்களில் ஒரு முறைப்பணி 12 மணிநேரம் ஆகும். மும்பையின் சுகு வானூர்தி நிலையத்திலிருந்து ஹெலிகாப்டர் மூலம் பணியாளர்கள் அழைத்துச் செல்லப்படுகின்றனர்.

"ஆண்டில் பாதி விடுமுறை" என்று இச்சுழற்சி விளம்பரப்படுத்தப்படுவதுண்டு. கணக்கிட்டுப் பார்த்தால் வேறொன்று புலப்படும். ஆண்டில் 182 நாட்கள், நாளொன்றுக்கு 12 மணிநேரம் எனக் கொண்டால் மொத்தம் 2184 மணிநேரம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 8 மணிநேரம் பணிபுரியும் அலுவலகப் பொறியாளர் விடுமுறைகள் போக ஏறத்தாழ 230 நாட்கள், அதாவது 1840 மணிநேரம் பணியாற்றுகிறார். ஆக, கடலில் உள்ளவர் ஓய்வு நாட்களைக் கழித்த பின்னும் கூடுதல் நேரமே உழைக்கிறார். நோர்வேயில் இரண்டு வாரப் பணிக்கு நான்கு வார ஓய்வு என்பது வழக்கம். அங்கு இதே கணக்கு ஏறத்தாழ 1460 மணிநேரமாகிறது. இரு நாடுகளின் ஊதியத்தை ஒப்பிடுவோர் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் கருத்தில் கொள்வதில்லை.

ஊதியம்

ஒரே மேடையில், ஒரே உணவுக்கூடத்தில் உண்ணும் இரு பொறியாளர்கள் முற்றிலும் வேறுபட்ட இரு ஊதிய முறைகளில் இருக்கக்கூடும். ஒருவர் வயலின் உரிமையாளரான கழகத்தின் நிலையான அலுவலர். மற்றவர் ஒப்பந்த நிறுவனத்தின் பணியாளர்.

கழகத்தில் பட்டதாரிப் பொறியாளர்கள் ஈ-1 என்னும் நிலையில் உதவிச் செயற்பொறியாளராகச் சேருகின்றனர். பல ஆண்டுகள் கேட் தேர்வு மதிப்பெண் வழியாக ஆட்சேர்ப்பு நடந்தது. 2025 இல் வெளியான அறிவிப்பில் தனிக் கணினித் தேர்வு இடம்பெற்றது. 2017 சனவரி முதல் நடைமுறைப்படுத்தப்பட்ட திருத்தத்தின்படி இந்நிலையின் அடிப்படை ஊதிய வீச்சு மாதம் 60,000 முதல் 1,80,000 ரூபாய் வரை ஆகும். ஆண்டுக்கு 3 விழுக்காடு உயர்வு உண்டு. அடிப்படை ஊதியத்துடன் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, அடிப்படையில் 35 விழுக்காடு வரையிலான பிற சலுகைகள், செயல்திறன் ஊதியம் ஆகியன சேரும். வீச்சின் மேல் எல்லையான 1,80,000 என்ற எண்ணைக் கண்டு மயங்குதல் கூடாது. 60,000 இல் தொடங்குபவர் பதவி உயர்வின்றி 3 விழுக்காடு உயர்வை மட்டும் பெற்றால் பத்து ஆண்டுகளில் அடிப்படை ஊதியம் ஏறத்தாழ 80,600 ரூபாயையே எட்டும். பதவி உயர்வும் அகவிலைப்படியுமே பெரிய மாற்றத்தைத் தருகின்றன.

ஒப்பந்தப் பொறியாளரின் நிலை வேறு. துளையிடும் மேடைகள் பல, அவற்றை உடைமையாகக் கொண்ட நிறுவனங்களிடமிருந்து நாள் வாடகைக்கு, பெரும்பாலும் மூன்றாண்டு போன்ற குறித்த காலத்துக்கு எடுக்கப்படுகின்றன. துளைச் சேறு, கிணற்று அளவீடு, சிமெந்திடல், நீர்மூழ்குப் பணி, பராமரிப்பு எனப் பலவும் வெவ்வேறு நிறுவனங்களிடம் விடப்படுகின்றன. அவற்றுக்கும் கீழே ஆள்வழங்கும் முகவர் நிறுவனங்கள் உள்ளன. இவ்வடுக்கில் கீழே செல்லச் செல்ல மாத ஊதியம் மறைந்து நாள் வீதம் வந்துவிடுகிறது. கடலில் உள்ள நாளுக்கு மட்டுமே பணம். கரையில் உள்ள நாளுக்கு இல்லை.

நாள் வீதத்தைப் புரிந்துகொள்ள ஓர் எண்ணை எடுத்துக்காட்டாக மட்டும் கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் எனில், அதை 30 ஆல் பெருக்கி மாதம் 3 இலட்சம், ஆண்டுக்கு 36 இலட்சம் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் சுழற்சிப்படி 182 நாட்களுக்கு 18.2 இலட்சமே கிடைக்கும். ஒப்பந்தங்களுக்கு இடையே நான்கு மாதம் வேலையின்றிப் போனால் நாட்கள் 120 அளவுக்குக் குறைந்து வருமானம் 12 இலட்சமாகிறது. இதிலிருந்து பயிற்சிச் சான்றிதழ் புதுப்பித்தல், மருத்துவக் காப்பீடு, ஓய்வுக்காலச் சேமிப்பு ஆகியவற்றையும் பல வேளைகளில் அவரே பார்த்துக்கொள்ள வேண்டியுள்ளது. எனவே பணி உத்தரவைப் பெறும் மாணவர் நாள் வீதத்துக்கு முன்பாக, ஆண்டில் எத்தனை நாட்கள் உறுதி செய்யப்பட்டுள்ளன, கரையில் காத்திருக்கும் நாளுக்கு என்ன தரப்படும் என்ற இரண்டையும் பார்ப்பது நல்லது.

வரி தொடர்பாகவும் ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. வளைகுடா நாடுகளின் மேடைகளில் பணிபுரிந்து, ஆண்டில் 182 நாட்களுக்குக் குறைவாக மட்டும் இந்தியாவில் தங்குவோர் பொதுவாக வெளிநாடுவாழ் இந்தியராகக் கருதப்படுவதால், அவ்வூதியத்துக்கு இந்தியாவில் வரி இராது. மும்பை ஹைக்கு இது பொருந்தாது. கடலில் எவ்வளவு தொலைவில் இருந்தாலும், வருமான வரிச் சட்டத்தின் நோக்கில் இந்தியா என்பது கண்டத்திட்டையும் தனிப் பொருளாதார வலயத்தையும் உள்ளடக்கியதாகும்.

எண்ணெய் விலையும் வேலைவாய்ப்பும்

இத்துறையின் வேலைவாய்ப்பு எண்ணெய் விலையைச் சில மாத இடைவெளியில் பின்தொடர்கிறது. 2008 சூலையில் பீப்பாய் ஒன்றுக்கு 147 அமெரிக்க டாலரைத் தொட்ட விலை அவ்வாண்டின் இறுதியில் 40 டாலருக்கும் கீழே சென்றது. 2014 நடுவில் 110 டாலருக்கு மேலிருந்த விலை 2016 சனவரியில் 30 டாலருக்கும் கீழிறங்கியது. 2020 ஏப்ரலில், கொரோனாப் பெருந்தொற்றின்போது, அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை ஒருநாள் சுழியத்துக்கும் கீழே சென்றது. அவ்வாண்டில் டயமண்ட் ஆப்சோர், நோபிள், வலாரிசு ஆகிய பெரும் துளையிடல் நிறுவனங்கள் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கோரின. சுலும்பெர்கர் நிறுவனம் 21,000க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது.

பொறியியல் பட்டம் பெற நான்கு ஆண்டுகள் ஆகின்றன. 2012 இல் விலை 110 டாலர் அளவில் இருந்தபோது, நல்ல ஊதியத்தை நம்பிப் பாறை எண்ணெய்ப் பொறியியலில் சேர்ந்த மாணவர் 2016 இல், விலை வீழ்ந்து நிறுவனங்கள் ஆட்குறைப்பு செய்துகொண்டிருந்த வேளையில், பட்டம் பெற்று வெளியே வந்தார். அவர் மீது தவறேதும் இல்லை. ஆனால் அவரது பட்டத்துக்கு வேறு துறைகளில் மதிப்பு குறைவு. அதே மேடையில் பணிபுரியக்கூடிய இயந்திர அல்லது மின் பொறியாளருக்கு மின்நிலையம், சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை எனப் பிற கதவுகளும் திறந்திருந்தன. இக்காரணத்தால் இளநிலையில் பொதுவான பொறியியல் பிரிவைப் படித்து, முதுநிலையிலோ பணியிலோ எண்ணெய்த் துறைக்குரிய அறிவைப் பெறுவது பாதுகாப்பான வழி எனலாம்.

விலை வீழாதபோதும் வேலை நிற்கக்கூடும். 2024 தொடக்கத்தில் சவூதி அரேபிய அரசு எண்ணெய் உற்பத்தித் திறனைப் பெருக்கும் திட்டத்தைக் கைவிட்டது. அதைத் தொடர்ந்து அங்கு வாடகைக்கு எடுக்கப்பட்டிருந்த 20க்கும் மேற்பட்ட கடல் துளையிடும் மேடைகளின் பணி இடைநிறுத்தப்பட்டது.

ஆபத்தும் பாதுகாப்பும்

2005 சூலை 27 அன்று, கையில் காயமுற்ற சமையல்காரர் ஒருவரை மேடைக்கு மாற்ற வந்த சமுத்திர சுரக்சா என்ற கப்பல், மும்பை ஹை வடக்கு மேடையின் எரிவளி ஏற்றுக்குழாயில் மோதியது. கசிந்த எரிவளி தீப்பற்றி, ஏறத்தாழ இரண்டு மணிநேரத்தில் மேடை முழுதும் சரிந்தது. 22 பேர் உயிரிழந்தனர். முந்தைய நாளில்தான் மும்பையைப் பெருமழை மூழ்கடித்திருந்ததால் மீட்புக்கு ஹெலிகாப்டர்களை அனுப்புவதும் கடினமாயிற்று.

2021 மே 17 அன்று தௌத்தே புயலில் பி-305 என்ற தங்குமிடப் படகு நங்கூரங்கள் அறுந்து மூழ்கியது. அதில் 261 பேர் இருந்தனர். அதிலும் வரப்பிரதா என்ற இழுவைப் படகிலுமாக 80க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பி-305 இல் இருந்தோர் பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாளர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. ஊதிய அடுக்கும் ஆபத்து அடுக்கும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை அல்ல.

பிரித்தானியாவின் வடகடல் பகுதியில் 1988 சூலை 6 அன்று பைப்பர் ஆல்ஃபா மேடை வெடித்து 167 பேர் இறந்தனர். பாதுகாப்பு அடைப்பிதழ் கழற்றப்பட்டிருந்த எக்கி ஒன்றை, அதை அறியாத அடுத்த முறைப்பணியினர் இயக்கியது இதற்கு வழிகோலியது. வேலை அனுமதிச் சீட்டு உரிய கைக்குச் சென்று சேரவில்லை. இதை விசாரித்த கல்லன் ஆணையத்தின் 1990 ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின்னர், இடர் மதிப்பீடு கடல்சார் பொறியியலில் வளர்ந்துவரும் தனிப்பணியாக மாறியது. இந்தியாவில் கடல் எண்ணெய்ப் பணிகளின் பாதுகாப்புக்கான தனி விதிகள் 2008 இல் வந்தன.

கடலுக்குச் செல்லும் எவரும் உயிர்காப்புப் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். ஹெலிகாப்டரின் மாதிரி அறையில் இருக்கைப்பட்டியுடன் அமர்த்தி, நீர்த்தொட்டியில் அமிழ்த்தித் தலைகீழாகத் திருப்பி, அதிலிருந்து வெளியேறச் செய்வது இப்பயிற்சியின் ஒரு பகுதியாகும். கோவாவில் ஓ.என்.ஜி.சி. நடத்தும் நிறுவனம் இப்பயிற்சியை அளிக்கிறது. இது வெறும் சடங்கு அன்று: 2022 சூனில் சாகர் கிரண் மேடைக்கு அருகே ஹெலிகாப்டர் கடலில் இறங்க நேர்ந்தபோது அதிலிருந்த ஒன்பது பேரில் ஐவர் உயிர்பிழைத்தனர்.

கரைக்குத் திரும்புதல்

மேடையின் மிக உயர்ந்த பொறுப்பு மேடை மேலாளர் பதவியாகும். அங்குள்ள அனைவரின் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்பவர் அவரே. ஆயினும் பெரும்பாலோர் பணிக்காலம் முழுவதையும் கடலில் கழிப்பதில்லை. குறித்த கால இடைவெளியில் நடக்கும் மருத்துவத் தகுதிச் சோதனையில் கட்டுக்குள் வராத இரத்த அழுத்தமோ நீரிழிவோ கண்டறியப்பட்டால் கடற்பணி நின்றுவிடக்கூடும். நிலையான அலுவலர் அவ்வேளையில் அங்கலேசுவர், மேசானா, ராசமுந்திரி, காரைக்கால் போன்ற நிலப்பகுதி மையங்களுக்கு மாற்றப்படலாம்; கடற்படியை இழந்தாலும் வேலை நீடிக்கும். நாள் வீதத்தில் உள்ளவருக்கு அத்தகைய கரை இல்லை. நாற்பது வயதைக் கடந்த ஒப்பந்தப் பொறியாளர்கள் ஆய்வு, தர உறுதி, பயிற்சி அளித்தல் போன்ற துறைகளுக்கு மாற முனைவது இதனாலேயே ஆகும்.

தமிழ்நாட்டில் வாய்ப்புகள்

கடலுக்குச் செல்லாமலே இத்துறையில் பணிபுரியும் பொறியாளர்கள் தமிழ்நாட்டில் கணிசமாக உள்ளனர். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் உள்ள லார்சன் அண்டு டூப்ரோ தளத்தில் கடல் மேடைகளின் பாகங்கள் கட்டப்படுகின்றன. சென்னையில் பன்னாட்டு நிறுவனங்களின் வடிவமைப்பு அலுவலகங்களும் இயங்குகின்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கடல்சார் பொறியியலுக்கெனத் தனித் துறை உள்ளது. இவ்வேலைகளில் கடற்படி கிடையாது. மாலையில் வீடு திரும்பலாம். காவிரிப் படுகையின் நிலப்பகுதியில், 2020 இல் நிறைவேற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவளி அகழ்வுப் பணிகளைத் தடை செய்துள்ளது. எனவே காரைக்கால் மையத்தை ஒட்டிய நிலப்பகுதிப் பணியிடங்கள், ஏற்கெனவே உள்ள கிணறுகளின் பராமரிப்பையே பெரிதும் சார்ந்துள்ளன.