நிழலில் வளரும் புல்

வெயிலுக்கும் வறட்சிக்கும் மனிதரின் கால்மிதிக்கும் சற்றும் தளராமல், கணுவுக்குக் கணு வேரூன்றிப் படர்ந்து, பிள்ளையாருக்கு அர்ச்சனைப் பொருளாகவும் வீட்டு முற்றத்தில் பசும்புல் தரையாகவும் விளங்கும் அருகு, ஒரு மாமரத்தின் அடியில் நட்ட சில மாதங்களுக்குள் நீண்டு, மெலிந்து, வெளிறி, இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடுவதைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் கண்டிருப்பார்கள். நீர் போதவில்லை போலும் என்று காலையும் மாலையும் நீர் பாய்ச்சுவதும், சத்துப் போதவில்லை போலும் என்று யூரியாவைத் தூவுவதும் இத்தருணத்தில் வழக்கமாக நடப்பவை. இவ்விரண்டுமே நலிந்த புல்லின் முடிவைத் துரிதப்படுத்தும் காரியங்கள் என்பதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் பிரதான நோக்கம்.

அருகின் இந்தச் சுபாவத்துக்கு உலகப் பிரசித்தி பெற்ற திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்தைச் சேர்ந்த ஹூஸ்டன் நகரில், பேஸ்பால் ஆட்டத்துக்கென்று முழுவதும் கூரையிட்ட ஆஸ்ட்ரோடோம் என்னும் பிரம்மாண்டமான மைதானத்தை 1965-ஆம் ஆண்டில் திறந்தபோது, கூரையில் ஒளி ஊடுருவும் பலகைகளைப் பதித்து, அதன் கீழே பெர்முடா புல்லை, அதாவது நம் அருகின் இனத்தையே, வளர்த்தார்கள். பகல் ஆட்டத்தில் கூரையின் கூச்சத்தால் உயரே எழுந்த பந்து ஆட்டக்காரர் கண்ணுக்குப் புலப்படாமற் போகவே, பலகைகளின் மீது வர்ணம் பூசினார்கள். கண்கூச்சம் தணிந்தது; புல்லும் பட்டுப்போயிற்று. எஞ்சிய ஆட்டங்களைத் தரைக்குப் பச்சை வர்ணம் அடித்து நடத்திவிட்டு, மறு ஆண்டிலேயே செயற்கைப் புல்விரிப்பைக் கொணர்ந்து விரித்தார்கள். பணத்துக்கும் நீருக்கும் நிபுணர்களுக்கும் பஞ்சமில்லாத அவ்விடத்தில்கூட, ஒளியின் குறையை வேறெதனாலும் ஈடுசெய்ய முடியவில்லை.

காரணம் எளிது. புல்லின் இலை, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சித் தரும் நீரையும் சூரிய ஒளியின் சகாயத்தால் சர்க்கரையாக மாற்றுகிறது. அந்தச் சர்க்கரையைக் கொண்டே புதிய இலையும் வேரும் உண்டாகின்றன, வெட்டுண்ட காயமும் ஆறுகிறது. ஒளி குறைந்தால் வரவு குறைகிறது. சுவாசம் என்னும் செலவோ இரவும் பகலும் நிற்காமல் நடக்கிறது. வரவு சுருங்கிய குடும்பம் செலவைச் சுருக்கினால்தான் பிழைக்கும். அந்நிலையில் தழைச்சத்தை வாரி இறைத்தால், புல் சேமிப்பில் இருந்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து மெல்லிய, நீர்கோத்த இலைகளை விடுகிறது, வேர் மெலிகிறது, பூஞ்சண நோய்க்கு எளிதில் இரையாகிறது.

மரநிழலில் ஒளியின் அளவு மட்டுமன்றி அதன் குணமும் மாறிவிடுகிறது. மேலுள்ள இலைகள் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் பெரும்பாலும் தாமே உண்டுவிட்டு, தமக்குப் பயனற்ற தூரச்சிவப்பு ஒளியைக் கீழே விடுகின்றன. செடிகளில் பைட்டோகுரோம் என்றொரு நிறப்பொருள் இருக்கிறது. சிவப்புக்கும் தூரச்சிவப்புக்கும் உள்ள விகிதத்தை உணர்ந்து, தலைக்கு மேல் வேறொரு செடி கவிந்திருக்கிறதா என்பதை அறிவிப்பது அதுவே. அறிவிப்புக் கிடைத்ததும் புல் படர்வதை விட்டு, ஒளியைத் தேடி உயர முயல்கிறது. முப்பதடி உயர விருட்சத்தோடு மூன்றங்குலப் புல் நடத்தும் இந்தப் பரிதாபமான போட்டியே, நாம் காணும் அந்த நீண்டு வெளிறிய தோற்றத்துக்கு மூலம்.

சுவரின் நிழல் வேறு வகை. அங்கே ஒளி குறைகிறதே அன்றி, இலைகளால் இப்படி வடிகட்டப்படுவதில்லை. மேலும் நம் பிரதேசத்தில் அது ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் நிற்பதுமில்லை. சென்னையில் 15 அடி மதிலின் நிழல் மார்கழி நண்பகலில் வடக்கே சுமார் 11 அடி நீளும். சித்திரை பிற்பகுதியிலிருந்து ஆவணித் தொடக்கம்வரை நண்பகற் சூரியன் வடக்கே சாய்ந்துவிடுவதால் அதே இடம் வெயிலில் கிடக்கும். ஆகையால் புல் நடுவதற்கு முன்னர், தை மாதத்தில் ஒரு நாளும் வைகாசியில் ஒரு நாளும் அவ்விடத்தில் வெயில் எத்தனை மணி நேரம் தங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வது உத்தமம். நாளொன்றுக்கு நாலு மணி நேரமேனும் வெயில் விழுமானால், அல்லது இலைகளினூடே நாள் முழுவதும் ஒளி சிதறி விழுமானால், தகுந்த புல்லைக் கொண்டு காரியத்தைச் சாதிக்கலாம்.

தகுந்த புல் எது? அகன்ற இலையும் தடித்த ஓடுதண்டும் உடைய செயின்ட் அகஸ்டின் புல் வெப்ப நாடுகளில் இதற்குப் பேர் பெற்றது. தென்னந்தோப்புகளில் தானே பரவும் கார்ப்பெட் புல் ஈரமும் சற்றுப் புளிப்பும் உள்ள மண்ணில் இதற்கு இணையானது. மணிலா புல் ஓரளவு நிழலைத் தாங்கும், ஆனால் மெதுவாக வளர்வதால் ஒருமுறை தேய்ந்த இடம் மூட நாளாகும். பார்வைக்கு அருகின் நேர்த்தி இவற்றுக்கு இல்லை என்பது உண்மைதான். எனினும் உயிருள்ள முரட்டுப் புல், பட்டுப்போன மென்புல்லைவிட மேலல்லவா?

பராமரிப்பில் முதன்மையானது வெட்டும் உயரம். வெயிலில் அருகை ஓர் அங்குலம்வரை ஒட்ட வெட்டிப் பழகியவர்கள் அதே யந்திரத்தை அதே நிலையில் நிழலுக்குள்ளும் தள்ளிச் செல்கிறார்கள். ஒளியை ஏந்தவேண்டிய இலையைப் பறிப்பதைவிட அப்புல்லுக்குப் பெரிய தீங்கு கிடையாது. செயின்ட் அகஸ்டின் புல்லை மூன்று, நான்கு அங்குலம் விட்டே வெட்டவேண்டும். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கலாகாது. வெயிற்புல்லுக்கு இடும் தழைச்சத்தில் பாதியே இதற்குப் போதும். நீரை அன்றாடம் தெளிப்பதைவிட, மண் காயத் தொடங்கிய பிறகு ஆழ நனையும்படி காலையில் பாய்ச்சுவது நல்லது. மாலையில் பாய்ச்சிய நீர் நிழலில் விடியும்வரை இலைமேல் தங்கிப் பூஞ்சணத்தை வளர்க்கும். உதிர்ந்த சருகை உடனுக்குடன் வாரிவிடவேண்டும். வேம்பு மாசி, பங்குனியில் இலையுதிர்த்து நிற்கும் சில வாரங்கள் புல்லுக்குக் கிடைக்கும் அபூர்வமான ஒளிக்காலம். அந்நாட்களில் அதன்மேல் சருகு மூடிக் கிடப்பது பெருநஷ்டம்.

மரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கழிப்பதும், உச்சியின் நெருக்கத்தைச் சிறிது கலைப்பதும் பலனளிக்கும். ஆனால் புல் நடுவதற்காக மரத்தடி வேர்களை வெட்டுவதையும், அவற்றின்மேல் அரையடி, ஓரடி என்று புதுமண் கொட்டுவதையும் கண்டிப்பாய்த் தவிர்க்கவேண்டும். மரத்தின் உணவு வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. அவற்றுக்கும் சுவாசிக்கக் காற்று வேண்டும். ஐம்பது ஆண்டுகள் நின்ற மரத்தை ஒரு புல்தரைக்காக நோகச்செய்வது எவ்விதத்திலும் நியாயமாகாது. தூங்குமூஞ்சி மரத்தடியில் புல் இயல்பாகவே செழிக்கும். மாலையிலும் மழையிலும் அதன் இலைகள் மடிவதால் மழைநீர் தடையின்றித் தரையை அடைகிறது. அடர்ந்த மாமரத்தடியோ அப்படியன்று. அங்கே எந்தப் புல்லையும் வற்புறுத்தாமல், மரத்தின் சருகை அதன் காலடியிலேயே மூடாக்காகப் பரப்பிவிட்டு, புல்தரையின் எல்லையை நாலு மணி நேர வெயில் எட்டும் இடத்திலிருந்து தொடங்கி வெளிநோக்கி வகுத்துக்கொள்ளவேண்டும்.