கழற்றிய பெட்டிக்கு யார் பொறுப்பு?

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை ஏறத்தாழ 12 கிலோமீட்டர். அதே பாதை ரிவஸ்டன் கணவாயைத் தொடும்போது மாத்தளை நகரத்தைவிட ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறது. இந்த ஏற்றத்திலும் அதிலிருந்து பிரியும் தோட்டப் பாதைகளிலும் மிளகு, கிராம்பு, விறகு, உரம் என்று பலதையும் இழுப்பது லேண்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு இயந்திரமும் அதன் பின்னால் பூட்டிய பெட்டியும்தான். எஞ்சினுக்குக் காப்புறுதி போடுகிறவர்கள் பெட்டியைப் பற்றிக் கேட்பதேயில்லை. அதையும் சேர்த்துக் கட்டியாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 99 ஆம் பிரிவு கேட்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும். நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் தீங்குக்கான ஏற்பாடு அது. நம் பெட்டி நொறுங்கினால் அதிலிருந்து ஒரு சதமும் வராது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலோ எஞ்சின் ஒரு கணக்கு, பெட்டி இன்னொரு கணக்கு. ஆகவே பொலிசியின் அட்டவணைப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பெட்டியின் பதிவு இலக்கமும் அதற்கென ஒரு பெறுமதியும் தனி வரியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சினோடு பூட்டியிருக்கும்வரை பெட்டிக்கு ஏதோ ஒரு நிழல் உண்டு என்று வாதாடலாம். இணைப்பு ஊசியைக் கழற்றிய பிறகு அந்த வாதமும் நிற்காது.

கழற்றிய பெட்டி இந்த ஊரில் சின்ன விஷயமில்லை. வெறும் பெட்டி 400 கிலோ, பாரம் 1000 கிலோ என வைத்துக்கொள்வோம். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் அதைக் கீழே இழுக்கும் விசை 140 கிலோ. ஒற்றை அச்சுப் பெட்டி என்பதால் இழுவைத் தண்டு தரையில் ஊன்றி ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஆனால் பாரத்தைச் சில்லுக்கு நேர் மேலே சமமாக அடுக்கியிருந்தால் தண்டில் அழுத்தமே இராது. கல் அணை வைக்க மறந்த பெட்டி 50 மீட்டர் உருண்டால் இறங்குவது 5 மீட்டர். உருளும் சில்லின் தடையைக் கழித்தாலும் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டி வரும். கீழே இருப்பது லயமோ, கடையோ, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளோ!

முழுக் காப்புறுதி போட்டவர்களுக்கு வேறொரு பொறி உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இரும்பும் டயரும் கூடவே ஏறின. பொலிசியில் எழுதிய பெறுமதியை மட்டும் யாரும் ஏற்றவில்லை. அன்று 2 இலட்சம் என எழுதிய பெட்டியை இன்று வாங்க 3½ இலட்சம் ஆகும் என்று கொள்வோம். திருத்தச் செலவு 1,05,000. குறைத்துக் காட்டிய பெறுமதிக்கு விகிதம் போடும் நிறுவனம் 2க்கு 3½ என்ற கணக்கில் 60,000 தான் தரும். உரிமையாளரே தாங்க வேண்டிய எக்ஸஸ் 10,000 என்றால் கைக்கு வருவது 50,000.

பெறுமதியைச் சரியாக எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கட்டுப்பணம் நூற்றுக்கு 2 என்றால் கூடுதல் 1½ இலட்சத்துக்கு வருடம் 3,000. 2024 ஜனவரியிலிருந்து வற் 18 சதவீதம், அது 540. ஆக 3,540. விகிதத்தில் போன 45,000ஐ இதால் வகுத்தால் 12 வருடக் கட்டுப்பணத்தையும் தாண்டுகிறது. என்னைக் கேட்டால், கழிவு பேசி ஐந்நூறு குறைப்பதைவிடப் பெறுமதியைத் திருத்துவதற்குத்தான் முகவரோடு மல்லுக்கட்ட வேண்டும்.

பெட்டிக்குள் இருப்பது இன்னும் பெரிய தொகை. காய்ந்த மிளகு கிலோ 1,500 ரூபாய் என்றாலே 1000 கிலோ 15 இலட்சம், பெட்டியின் விலையைப்போல நான்கு மடங்குக்கு மேல். மோட்டார் பொலிசி சரக்கைத் தொடாது. அதற்குச் சரக்குக் காப்புறுதி தனியாக எடுக்க வேண்டும். மிளகு ஏற்றுகிறவர்களுக்கு அது பிரயோசனம். விறகு ஏற்றுகிறவருக்கு வீண் செலவு.

ஜெட் ஸ்கீ ஓட்ட இரத்தோட்டையில் தண்ணீர் கிடையாது, ஆனால் பெந்தோட்டைக்கு அதை இழுத்துப் போகிறவருக்கும் இதே சிக்கல்தான். ஓடத்துக்கு எடுத்த பொலிசியில் அதை ஏற்றும் ட்ரெய்லரைத் தனியாக எழுதாவிட்டால் வீதியில் நடப்பதற்கு அது உதவாது. சாரதி அனுமதிப்பத்திரமும் இதில் சேர்த்தி: பீ வகுப்பில் இழுக்கக்கூடிய ட்ரெய்லரின் வெற்று எடை 250 கிலோ வரைதான். லேண்ட்மாஸ்டருக்கு ஜீ1 வேண்டும். பொருந்தாத அனுமதிப்பத்திரத்தோடு ஓட்டினால், கட்டுப்பணம் முழுவதும் கட்டியிருந்தும் நட்டஈடு மறுக்கப்படலாம்.

கடைசியாக, மண்சரிவு. மாத்தளை அந்த அபாயமுள்ள மாவட்டங்களில் ஒன்று. வெள்ளம், மண்சரிவு போன்ற இயற்கை அனர்த்தங்கள் பல பொலிசிகளில் மேலதிகப் பணம் கட்டிச் சேர்க்கும் வரியாகவே இருக்கின்றன. கலவரம், பயங்கரவாதம் இரண்டுக்கும் இன்னொரு வரி. கொட்டகையில் நிறுத்திய பெட்டியின் மேல் மண்மேடு சரிந்தால், முகவர் முதலில் தேடுவது இயற்கை அனர்த்த வரியில் தொகை எழுதியிருக்கிறதா என்றுதான்.